ஒரே டேக்கில் எடுத்த சவரம்

திங்கட்கிழமை காலை ஆறு மணி நாற்பது. முதல் பஸ்ஸின் கதவு திறந்ததும் நான் பார்த்தது ஒரு முகவாய். வழவழவென்று மின்னியது. அதன் பின்னால் இன்னொரு முகவாய். பிறகு இன்னொன்று. நாற்பது பேரும் இறங்கி மணலில் வரிசையாக நின்றபோது ஒருவர் முகத்திலும் தாடி இல்லை. நரைத்திருந்த மீசைகள் கறுப்பாகியிருந்தன. காற்றில் பவுடர் வாசனை வந்தது.

ஷார்ஜாவின் உட்பகுதிப் பாலைவனத்தில் ஒரு ஹாலிவுட் படத்தின் படப்பிடிப்பு. அதில் நான் கிரவுட் கோஆர்டினேட்டர். கூட்டக் காட்சிகளுக்கு ஆட்களைக் கொண்டுவந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, சாப்பாடு கொடுத்துத் திருப்பி அனுப்புவது வேலை. அதற்கு முன்பு துபாயில் ஒரு பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரிய நட்சத்திரங்களைப் பற்றித்தான். ஆகவே அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி எழுதுகிறேன்.

பெரியவர்

படத்தின் நாயகருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் பெரியவர். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பத்திரிகையில் இருந்தபோது அவரைப் பற்றி இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அப்பா லாரி ஓட்டுநர். மகன் நாடக அரங்கில் திரைச்சீலை இழுக்கும் வேலையில் சேர்ந்தார். முதல் ஐந்து படங்களில் சுடப்பட்டுச் செத்தார். ஆறாவதில் சுட்டார். அதன் பிறகு அவர் படம் என்றால் அவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். நீதிமன்றத்தில் பேசினார், மூழ்கும் கப்பலில் பேசினார், தூக்குமேடையில்கூட நீண்ட நேரம் பேசினார். நடுவில் குடி, மூன்று விவாகரத்து, யாருமே கூப்பிடாத சில ஆண்டுகள். அறுபதுக்கு மேல் திரும்பி வந்தார். வந்ததும் மறுபடி பேச ஆரம்பித்தார்.

எங்கள் ஆட்களுக்கு அவரைத் தெரிந்தது வேறு வழியில். ஊரில் ஞாயிறு மதியம் டிவியில் அவர் டப்பிங்கில் தமிழ் பேசுவார். வியாழக்கிழமை முதல் காட்சியில் அவர் வாயைத் திறந்து ஆங்கிலம் பேசியதும், செல்வராஜ் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"என்னக்கா, குரல் இவ்ளோ சன்னமா இருக்கு? உடம்புக்கு முடியலையா?"

"அவரின்ர சொந்தக் குரலே அதுதான்."

"சும்மா இருங்கக்கா. டிவில சிங்கம் மாதிரி கர்ஜிப்பாரு."

செல்வராஜ் பெரம்பலூர்க்காரர். சாரம் கட்டும் வேலை. அஜ்மானில் தொழிலாளர் கேம்ப். கம்பெனியின் ஒரு சைட் முடிந்து அடுத்தது தொடங்காமல் இருந்ததால் இவர்கள் எங்களிடம் வந்திருந்தார்கள். கதையில், பாலைவனத்தில் வழி தவறி அலையும் பொறியாளராகப் பெரியவர் நடித்தார். மாலையில் ஒரு தொழிலாளர் கூடாரத்தை வந்தடைகிறார். அவர்கள் சோறு போடுகிறார்கள். அவர் விடைபெறுகிறார். வந்து சேர்வதை வியாழக்கிழமை எடுத்துவிட்டோம். சாப்பாடும் விடைபெறுதலும் திங்கட்கிழமை. அவருக்குத் தட்டு வைத்துப் பக்கத்தில் உட்காரும் ஆளாக இயக்குநர் செல்வராஜைத் தேர்ந்தெடுத்திருந்தார். காரணம், அவருடைய நரைத்த தாடி.

நாற்பது முகம்

"நான் என்ன சொல்லி அனுப்பினனான்? தாடியில கை வைக்கக் கூடாதெண்டு சொன்னனான்தானே?" என்றேன்.

நாற்பது பேரும் மணலைப் பார்த்தார்கள். செல்வராஜ்தான் பேசினார்.

"சொன்னீங்கக்கா. ஆனா நமக்கு எதுக்கு செலவுன்னு மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நினைச்சோம். அவ்ளோ பெரிய மனுசன் நம்மகூட ஒக்காந்து சோறு திங்கப்போறாரு. பஞ்சத்துல அடிபட்ட மாதிரியா நிப்போம்?"

"ஆர் வழிச்சது?"

"நாந்தான். லீவு நாள்ல கேம்ப்ல எல்லாருக்கும் நாந்தானேக்கா முடி வெட்டுவேன்." சற்று நிறுத்திச் சேர்த்தார்: "ஆனா சட்டைய ஒருத்தரும் துவைக்கலக்கா. சத்தியமா. மோந்து பாருங்க."

கன்டினியூட்டி பார்த்த மார்த்தா ஓடிவந்தார். ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் சட்டைப் பொத்தான்கூட மாறாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வரிசையைப் பார்த்துவிட்டு அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். கதைப்படி வியாழனும் திங்களும் ஒரே மாலை. மாலை ஆறுக்குத் தாடியோடு வரவேற்றவர்கள் ஏழுக்கு மணமகன்போல் உட்கார்ந்திருக்க முடியாது. மேக்கப் வண்டியில் இருந்த ஒட்டுத்தாடிகள் மூன்று. வேறு ஆட்களையும் வைக்க முடியாது, வியாழன் ஷாட்டில் எல்லா முகமும் பதிவாகிவிட்டது. தள்ளிப்போடவும் வழியில்லை. மறுநாள் பெரியவருக்கு விமானம்.

இயக்குநர் குரலை உயர்த்தாத ஆங்கிலேயர். அன்றும் உயர்த்தவில்லை. "மூன்று தாடியை மூன்று பேருக்கு ஒட்டுங்கள். மற்றவர்கள் இருட்டில், முதுகைக் காட்டி நிற்கட்டும். சவரம் செய்த ஆளைப் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்" என்றார்.

நான் செல்வராஜிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"அக்கா, குவைத் அப்பாசியால இருக்கிற மச்சான்கிட்ட போன் போட்டுச் சொல்லிட்டேன். 'நீயாவது ஹாலிவுட்டாவது, போய் கம்பி தூக்குடா'ன்னான். இப்ப நான் இல்லைன்னா சாகிறவரைக்கும் சொல்லிச் சொல்லியே சிரிப்பான்க்கா. பின்னாடி ஒரு முதுகாவாவது நிக்கிறேனே."

"முதுகு உங்கட எண்டு மச்சானுக்கு எப்பிடித் தெரியும்?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.

அப்போதுதான் பெரியவர் தன் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். மூன்று மாதம் வளர்த்த வெள்ளைத் தாடி, கையில் காபி. வரிசையின் முன்னால் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று என்னிடம் கேட்டார்.

"உங்களோடு சாப்பிடுவதற்காகச் சவரம் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. காபியை மணலில் வைத்தார். "என்னோடு சாப்பிட யாரும் இவ்வளவு சிரமப்பட்டதில்லை. நான் கட்டிய பெண்கள்கூட." பிறகு இயக்குநரிடம் திரும்பினார்: "நடுவில் ஓர் இரவு போகட்டும். விருந்தாளி வந்துவிட்டார், காலையில் எல்லோரும் முகம் மழித்துவிட்டார்கள். எனக்கும் மழித்துவிடட்டும்."

இயக்குநர் மார்த்தாவைப் பார்த்தார். மார்த்தா மணலிலிருந்து எழுந்துவிட்டார். ஊர் திரும்பும் காட்சி, அவர் தாடி வளர்க்கத் தொடங்கும் முன்பே ஸ்டுடியோவில் எடுத்தாயிற்று. அதில் பெரியவருக்குத் தாடி இல்லை. அந்தத் தாடி எங்கே போயிற்று என்று கதையில் எங்கும் சொல்லப்படவில்லை. அதை நான்கு வாரமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததாக மார்த்தா சொன்னார். "இங்கேதான் போயிற்று" என்றார் இப்போது.

தயாரிப்பாளரின் ஆள் கத்தியை நினைத்துப் பயந்தார். பெரியவர் சொன்னார்: "என்னை ஐந்து படங்களில் கொன்றிருக்கிறார்கள். ஒருமுறை சவரமும் செய்து பார்க்கட்டுமே. இவர்களுக்கு மழித்தவர் யார்?"

நான் பஸ்ஸை நோக்கி ஓடினேன்.

பேசக் கூடாத இடம்

செல்வராஜின் பையில் கத்தி, பிரஷ், கிண்ணம் எல்லாம் இருந்தன. "எதுக்குக் கொண்டு வந்தனீங்கள்?" என்றேன். "டச்சப்புக்குத்தான்" என்றார்.

மேக்கப்காரர்கள் புது பிளேடு போட்டார்கள். மூன்று கேமராக்கள் வைத்தோம். நிஜத் தாடியை ஒருமுறைதான் எடுக்க முடியும். தவறினால் இன்னொரு டேக் கிடையாது. கூடாரத்தின் முன் ஒரு டின்னைக் கவிழ்த்துப் பெரியவர் உட்கார்ந்தார். மற்றவர்கள் தட்டோடு சுற்றி உட்கார்ந்தார்கள். யாருக்கும் வசனம் கிடையாது. பெரியவருக்கு மட்டும் விடைபெறும் உரை ஒரு பக்கம் இருந்தது. மழிக்கும்போதே அதைப் பேசுவதாக ஏற்பாடு.

ஆக்‌ஷன் என்றதும் அவர் தொடங்கினார். வீடு, கடல், தண்ணீர் என்று அழகான உரை. வலது கன்னம் முடிந்தது. இடது கன்னம் முடிந்தது. கத்தி கழுத்துக்கு வந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். குரல்வளை ஏறி இறங்கியது.

செல்வராஜ் கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்தார். இரண்டு விரலால் பெரியவரின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"ஐயா, கொஞ்சம் வாய மூடுங்க. பேசினா வெட்டிப்புடும்."

பெரியவரின் கண்கள் மட்டும் அவர் பக்கம் திரும்பின. வாயை மூடினார். கண்ணையும் மூடினார். கத்தி முடியில் போகும் சத்தம் கேட்டது. இயக்குநர் கட் சொல்லவில்லை. செல்வராஜ் துண்டால் முகத்தைத் துடைத்து, தள்ளி நின்று பார்த்து, ஒரு காதோரம் மீந்திருந்ததையும் எடுத்து, தன்னிடமிருந்த பவுடரைப் போட்டுவிட்டார். பெரியவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துத் தட்டை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். மீதி உரை பேசப்படவே இல்லை.

கட் சொன்ன பிறகு பெரியவர் என்னிடம் வந்தார். "அவர் என்னிடம் என்ன சொன்னார்?"

சொன்னேன். மணலில் உட்கார்ந்து சிரித்தார். "நாற்பது வருடமாக ஒவ்வோர் இயக்குநரும் இதைத்தான் சொல்ல நினைத்தார்கள். ஒருவர் கையிலும் கத்தி இல்லை."

செல்வராஜ் என்னிடம் கேட்டது வேறு. "அக்கா, மூஞ்சி தெரிஞ்சிச்சா?"

"நல்லாத் தெரிஞ்சது."

"பெரியவரு தமிழ் புரிஞ்ச மாதிரி டக்குனு மூடினாரு பாத்தீங்களா? டிவில பேசினது அவரேதான்."

அதன் பிறகு எந்தப் படப்பிடிப்பிலும் ஆட்களிடம் "செய்யாதீர்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவதில்லை. ஏன் என்று முதலில் சொல்வேன். முந்தைய ஷாட்டைப் போனில் காட்டுவேன். புதிதாக வருகிறவர்கள் இதைச் செய்தால் போதும். அதற்குப் பிறகும் ஆட்கள் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்தால், அனுப்பிவிடும் முன் காரணத்தைக் கேளுங்கள்.

மறு வருடம் படம் வந்தது. அஜ்மானில் ஒரு மால் தியேட்டரில் செல்வராஜும் அவர் கேம்ப் ஆட்களும் இரண்டு வரிசையை நிறைத்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். அவருடைய 'வாய மூடுங்க' வரிக்கு ஆங்கிலத்திலும் அரபியிலும் சப்டைட்டில் போடவில்லை. தியேட்டர் முழுவதும் சிரித்தது.