கணுக்காலில் இருந்த தொழுகைக் காய்ப்பு

எல்லாப் புகழுக்கும் உரிய அல்லாஹ்வை நினைத்து இதை எழுதுகிறேன், சகோதரர்களே. 2006-இல் என் இடது பாதத்தை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். நாளும் குறித்துவிட்டார்கள்.

எனக்குக் குரோம்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை, வீடு தாம்பரத்தில். தொழுகையில் இடது காலை மடித்து உட்கார்ந்தே பழகியவர்களுக்கு வெளிக்கணுக்காலில் தரை உரசிக் காய்ப்பு விழுவது உங்களுக்குத் தெரியும். எனக்கும் இருந்தது. மற்றவர்களுடையதைவிடக் கருப்பாக, கொஞ்சம் மேடாக. பள்ளிவாசலில் யாராவது பார்த்தால் நான் மறைக்கமாட்டேன். பெருமைதான், ஒளிப்பானேன்?

அது கொட்டைப்பாக்கு அளவுக்கு வளர்ந்து, ஒருநாள் செருப்பு வார் பட்டு ரத்தம் கசிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"எவ்ளோ நாளா இருக்கு, பாய்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு வருஷமா சார்."

பொய் சொல்லும் எண்ணமில்லை. மேடு பெரிதானதிலிருந்துதான் அதை நோயாக நினைத்தேன். அதற்கு முந்தின ஏழு வருஷமும் என் கணக்கில் அது வணக்கத்தின் அடையாளம்.

சதையில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். மெலனோமா என்று வந்தது. தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய், வேகமாகப் பரவும் என்றார்கள். வீட்டுக்கு வந்து மதிய லுஹர் தொழுதேன். கால் போகக்கூடாது என்று கேட்க ஏனோ வாய் வரவில்லை. "யா அல்லாஹ், உண்மை எதுவோ அதைத் தெளிவாக்கு" என்று மட்டும் கேட்டேன். பயமாக இருந்தது. அதையும் அவனிடம் சொன்னேன்.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பு சர்ஜனைப் பார்க்கப் போனோம். ஃபைலைப் புரட்டியபடி, "ஒரு வருஷம்தானே?" என்றார். தலையாட்டினேன். என் மனைவி மெஹர் விடவில்லை.

"எங்கங்க ஒரு வருஷம்? எட்டு வருஷமா இருக்கு டாக்டர். பெரியவன ஸ்கூல்ல சேர்த்தப்பவே இருந்துச்சு. தொழுகைக் காய்ப்புன்னு எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டு இருந்தாங்க!"

சர்ஜன் பேனாவைக் கீழே வைத்தார். "எட்டு வருஷமா? இவ்ளோ மெதுவாவா? எனக்கு இடிக்குதே பாய். ஆபரேஷன தள்ளி வைப்போம்."

எத்தனை வருஷமாகக் கண்ணாடி போடுகிறீர்கள் என்று கேட்காமல் யாருடைய கண்ணையும் நான் சோதித்ததில்லை. அந்த நாற்காலியில் உட்காரவே வெட்கமாக இருந்தது.

அதே சதைத் துண்டில் வேறு சாயங்கள் ஏற்றி, இன்னொரு நிபுணரைப் பார்க்கச் சொன்னார்கள். பத்து நாள் காத்திருந்தோம். மெலனோமா இல்லை. தோலின் அடி அடுக்கில் மெதுவாக வளரும் அபூர்வமான ஒரு சார்கோமா. அதுவும் புற்றுநோய்தான், ஆனால் உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவுவது குறைவு. அந்தக் கட்டிக்குள் கருநிறச் செல்கள் கலந்திருந்ததால் முதல் சோதனையில் மாறித் தெரிந்திருக்கிறது. கட்டியைச் சுற்றி அகலமாக வெட்டியெடுத்து, தொடைத் தோலை வைத்து ஒட்டினார்கள். பாதம் தப்பியது. மெஹர் ஆஸ்பத்திரியிலேயே அழுதாள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

துஆ கேட்டது நான். பதிலை அல்லாஹ் அவள் வாயிலிருந்து வர வைத்தான்.

இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். உங்கள் காலிலோ நெற்றியிலோ இருக்கும் காய்ப்பு நிறம் மாறினால், வளர்ந்தால், டாக்டரிடம் காட்டுங்கள், உள்ளதை முழுதாகச் சொல்லுங்கள். அல்லாஹ்விடம் நம்பிக் கேளுங்கள். நான் எதைக் காட்டிப் பெருமைப்பட்டேனோ அதை எடுத்துக்கொண்டு, பாதத்தை எனக்கே விட்டுவிட்டான்.