அத்தானின் இரண்டு சாட்சிகள்

என் அக்காவின் கணவருக்குப் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை. வெள்ளைப் பெயிண்டில் ஸ்டெய்னர் என்ற சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குச்சியால் கிண்டி, கேட்ட நிறத்தை வரவழைத்துவிடுவார். மற்ற கடைகளில் கலர் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கலப்பார்கள். அத்தானுக்கு அது கேவலம். அட்டையைப் பார்த்துக் கலக்கிறவன் பெற்ற தாயின் முகத்தையும் போட்டோவை வைத்துத்தான் கண்டுபிடிப்பான் என்பார். கடைத்தெருவில் அவருக்குக் கழுகு என்று பெயர். வைத்தவன் கிண்டலுக்குத்தான் வைத்தான். அத்தான் அதைப் பட்டமாக வாங்கி மாட்டிக்கொண்டார்.

உலகத்தில் அவர் முழுதாக நம்பிய ஒரே ஆள் அவருடைய கண்தான். தெர்மாமீட்டர் காய்ச்சல் என்று காட்டினால், படுத்திருக்கும் ஆளின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, எந்திரி" என்பார். கடிகாரத்தை நம்பாமல் வெயிலைப் பார்த்து நேரம் சொல்வார். பஸ் போயிருக்கும். டிரைவருக்குப் பொறுப்பே இல்லை என்று திட்டிக்கொண்டே திரும்பி வருவார். அக்காவுக்குத் தம்பியாகப் பிறந்த ஒரே குற்றத்துக்காக நானும் கூடவே தலையாட்டிக்கொண்டு வருவேன்.

அவருடைய மருமகன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒப்பந்த வேலை செய்கிறவன். மாமனார் இருக்கும் கடையை விட்டு வேறு எங்கே போய்ப் பெயிண்ட் வாங்குவான்? ஒரு புது வீட்டுக்காரர் வெண்ணெய் நிறம் கேட்டிருந்தார். அத்தான் கலந்து கொடுத்தார். ஒரு சுவர் அடித்துக் காய்ந்ததும் மருமகன் கடைக்கு வந்தான்.

"மாமா, கொஞ்சம் நீலம் தட்டுது. இன்னொரு தடவை பாத்துக் குடுக்கறீங்களா?"

அவன் தன்மையாகத்தான் கேட்டான். அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"எனக்கே கலர் சொல்லித் தரியா? நான் குடுத்தது வெண்ணெய்தான். காலையிலேயே குடிச்சிட்டு வந்துட்டியா?"

அந்தப் பையன் குடியைத் தொட்டதே கிடையாது. முதலாளி, வாடிக்கையாளர்கள், மூட்டை இறக்குகிறவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அப்படியே திரும்பிப் போய்விட்டான். அன்று சாயங்காலம் அத்தானுக்கு மகளிடமிருந்து போன் வந்தது. "அவர்கிட்ட வந்து மன்னிப்பு கேளுங்கப்பா. அதுவரைக்கும் நான் அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்."

மன்னிப்பா? பார்த்தது அவருடைய கண் அல்லவா! அதற்குப் பதிலாகக் கடையில் மிச்சமிருந்த அதே கலவையைக் கொண்டுவந்து தம் வீட்டுக் கூடத்துச் சுவரில் அடித்தார். சுவரில் மாட்டியிருந்த மகளின் படத்தை அதற்காகக் கழற்றியவர் திரும்ப மாட்டவில்லை. நிறத்தை மறைக்குமாம். வீட்டுக்கு வருகிறவர்களைச் சுவருக்கு எதிரே உட்காரவைத்து, "இது என்ன கலர்?" என்று விசாரணை நடத்துவார். விவரம் தெரியாமல் நீலம் என்று சொல்லிவிட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. நான் உஷார். "சுத்த வெண்ணெய், அத்தான்" என்பேன். காபி வரும். அக்கா மட்டும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

இப்படியே மாதங்கள் போயின. ஒரு நாள் அத்தான் கடைப் படியில் தடுக்கி விழுந்தார். படியைத்தான் யாரோ நகர்த்தி வைத்துவிட்டார்கள் என்றார். அக்கா அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. செய்தார்கள்.

கட்டைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் கூடத்திலேயே நின்றுவிட்டார்.

"யாருடி என் சுவருக்கு நீலம் அடிச்சது?"

"யாரும் அடிக்கலைங்க" என்றாள் அக்கா.

"மச்சான், நீதானே?"

நான் பிறந்ததிலிருந்து பிரஷ்ஷைப் பிடித்ததில்லை என்பது அவருக்கும் தெரியும். பிறகு வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார். வெண்ணெய். கையை மாற்றி இடது கண்ணை மூடினார். நீலம். அன்று முழுக்க அதே வேலை. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மனிதர் பயந்துபோயிருந்தார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நேரடியாகவே கேட்டுவிட்டார். "எந்தக் கண்ணும்மா பொய் சொல்லுது?"

"ரெண்டுமே பொய் சொல்லலைங்க" என்றார் டாக்டரம்மா. "புரை, மஞ்சள் கண்ணாடி போட்ட மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா ஏறும், நமக்கே தெரியாது. பெயிண்ட்ல மஞ்சள் தூக்கலா இருக்குன்னு நினைச்சு நீங்க நீலத்தைக் கூட்டியிருப்பீங்க."

"அப்ப வலது கண்ணுல தெரியறதுதான் நிஜமான கலரா?"

"அதையும் நாங்க வச்ச லென்ஸ் வழியாத்தானே பாக்கறீங்க? மத்தவங்களுக்குத் தெரியறதோட ஒத்துப்போகும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

நேர்மையான பதில். அத்தானிடம் நேர்மையாகப் பேசினால் என்ன விளையும் என்று பாவம் அந்த டாக்டருக்குத் தெரியாது. "பாத்தியா, புதுக் கண்ணும் நிச்சயமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்க" என்று வீடு வரும்வரை என் காதைத் தின்றார். இடது கண் ஆபரேஷனுக்குக் குறித்த நாள் வந்தது. சளி பிடித்திருக்கிறது என்றார். வேறு நாள் குறித்தார்கள். கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றார். இனி அட்டையை வைத்துக்கொண்டுதான் கலக்க வேண்டும் என்று முதலாளி சொன்ன நாளிலிருந்து அவர் கடைப்பக்கமே போகவில்லை என்பது வேறு கதை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இடது கண் அவர் பக்கத்துச் சாட்சி. அதையும் சரிசெய்துவிட்டால், அவர் சொன்னது சரி என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இருக்காது. நான் இருக்கிறேன். ஆனால் என் சாட்சியத்தின் விலை ஒரு காபி என்பது அவருக்கே தெரியும்.

கடைசியில் ஒரு காலை, அவர் வலது கண்ணை மூடிக்கொண்டு சுவரை ரசித்துக்கொண்டிருந்தபோது, அக்கா எதிரே வந்து நின்றாள்.

"அந்தக் கண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? அதுல பாத்தா நீங்க சரி. எதுல பாத்தாலும் நம்ம பொண்ணு இங்க இல்லைங்க."

அத்தான் வலது கண்ணிலிருந்து கையை எடுத்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "மச்சான், வா" என்றார்.

வழியெல்லாம் அவர் உதடுகள் எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தன. மருமகன்தான் கதவைத் திறந்தான். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான் போல, பெயிண்ட் தெறித்த சட்டையோடு நின்றான்.

"அது நீலம்தான்" என்றார் அத்தான். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "குடிச்சியான்னு கேட்டேனே, அதுக்குக் கண்ணு காரணமில்ல. என் வாய்தான் காரணம். மன்னிச்சுக்கோப்பா" என்றார்.

மருமகனின் முகம் ஒன்றும் இளகிவிடவில்லை. ஆனாலும் விலகி வழிவிட்டான். "உள்ள வாங்க மாமா."

மகள் உள்ளறை வாசலில் தொங்கிய திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றாள். அத்தான் அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் அவள் கையிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணை மூடக் கை மேலே போனது. பாதியில் இறக்கிவிட்டார்.

"இந்தத் திரை என்ன கலரும்மா?"

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை. மகள் திகைத்துப்போனாள். "உங்களுக்கு எப்படிப்பா தெரியுது?"

"ஒரு கண்ணு ஒண்ணு சொல்லுது, இன்னொரு கண்ணு வேற சொல்லுது. நீ சொல்லும்மா. அதையே எடுத்துக்கறேன்."

"பச்சைப்பா" என்றாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

"பச்சை" என்றார் அத்தான். எனக்கென்னவோ அது நீலமாகத்தான் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.