ஐஸ் தண்ணீரில் ஊறிய இலைகள்

எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். குடிக்கவும் உலை வைக்கவும் கேன் தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் குழாயில் வரும் போர் தண்ணீர். கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவே அப்படித்தான். போர் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் மஞ்சளாகப் படியும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காய்கறியை அதில்தான் கழுவுவோம். எப்படியும் கொதிக்கப்போகிறதே என்ற தைரியம்.

ஏழாம் மாதம் தங்கையை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. அதனால் அவள் தும்மினால்கூட ஓடிப்போய் நிற்பேன். ஒரு நாள், கல்யாணமான புதிதில் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் சாப்பிட்ட சாலட் மாதிரியே வேண்டும் என்றாள்.

"ஹோட்டல்காரன் கையக் கழுவுனானோ இன்னாவோ. ஊட்ல நானே செஞ்சி தரேன்" என்று மார்தட்டினேன்.

மனைவி பகல் ஷிப்டுக்குப் போயிருந்தாள். சமையலறை என் கையில். நாலு வீடியோ பார்த்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹோட்டல் சாலட்டின் ரகசியமே மொறுமொறுப்புதானாம். இலையை அரை மணி நேரம் ஐஸ் தண்ணீரில் போட்டால் தண்ணீரை இழுத்துக்கொண்டு விறைப்பாக நிற்குமாம். சென்னையிலிருந்து வாங்கிவந்த லெட்யூஸ் கீரையை பேசினில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, மேலே ஐஸ் கட்டிகளைக் கொட்டினேன். பிறகு வெள்ளரிக்காய், தக்காளி, வறுத்த வேர்க்கடலை, பன்னீர். எலுமிச்சைச் சாறு, தேன், கடுகுப்பொடி, எண்ணெய் எல்லாவற்றையும் அடித்து ஊற்றினேன்.

உண்மையைச் சொன்னால் ஹோட்டல்காரன் தோற்றான். தங்கை இலையைக் கடிக்கும் சத்தம் சமையலறை வரை கேட்டது. இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள்.

பாத்திரம் கழுவப் போனபோதுதான் பேசினைப் பார்த்தேன். ஐஸ் கரைந்திருந்தது. அடியில் மஞ்சள் படிந்திருந்தது.

கழுவியது மட்டுமா, அரை மணி நேரம் அந்த இலைகளைக் குடிக்க வேறு வைத்திருக்கிறேன். கொதிக்க வைக்காமல் அப்படியே அவளுக்குக் கொடுத்துவிட்டேன். சொன்னால் பயந்துவிடுவாள், அந்தப் பயமே பிள்ளைக்கு ஆகாது என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயம்.

அரை மணிக்கு ஒரு தரம் போய் நின்றேன்.

"அசைவு தெரியுதாம்மா?"

முதலில் சிரித்தாள். "இன்னாண்ணா, டாக்டராயிட்டியா?" மூன்றாம் முறை சிரிக்கவில்லை. ஐந்தாம் முறை வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"மதியானத்துலேர்ந்து அசஞ்ச மாரியே தெரியலண்ணா. இன்னாத்துக்கு நீ இதையே கேட்டுக்கினு கீற?"

பொன்னேரிக்கு ஆட்டோவில் போகும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கவரைப்பேட்டை தாண்டியதும், "நீ செஞ்சதுன்னுதாண்ணா ரெண்டாவது தபா போட்டுக்கினேன்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினார். அங்கும் இல்லை. கடவுளே, என்னை எடுத்துக்கொள் என்று வேண்டினேன். பிறகு டக்டக்கென்று வேகமாக ஓர் ஓசை வந்தது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும்தான்.

"இப்ப ஒண்ணும் பயப்பட வேண்டியதில்ல. காய்ச்சலோ பேதியோ வந்தா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. ஒன்றும் வரவில்லை. ஆனாலும் பிரசவம் முடிகிறவரை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் நான் வேலைக்குக் கிளம்பியதில்லை.

பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. தங்கை என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை, மச்சானிடம்கூட. ஆனால் அன்றிலிருந்து நான் காபியை நீட்டினாலும் கஞ்சியை நீட்டினாலும், வாங்குவதற்கு முன் நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்பாள். கோபமாக இல்லை, பழக்கமாக. குழந்தைக்கு இப்போது ஒரு வயது ஆகப்போகிறது. போன வாரம் அதற்கு வெந்நீர் ஆற்றிக்கொண்டு போனேன். குழந்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. தங்கை அந்தக் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தத் தண்ணிண்ணா?"