பாவாடை நின்றால் பஸ் நிற்கும்

ரிஷிவந்தியத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் டவுன் பஸ்ஸுக்கு எங்கள் ஊரில் ஒரு ஸ்டாப் உண்டு என்று போர்டு சொல்கிறது. போர்டை நம்பி நின்றவர்கள் பல பேர் வெயிலில் காய்ந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். பாவாடை நின்றால் மட்டும் பஸ் நிற்கும். அவர் இல்லாத நாளில் டிரைவரின் மனசு எப்படியோ அப்படி.

பாவாடைக்கு அறுபதை ஒட்டிய வயது. கரும்பு வெட்டும் கூலி. லாரியில் லோடு ஏற்றும்போது கீழே விழுந்து இடுப்பு போனது, அதோடு வேலையும் போனது. அடுத்து மனைவி பெரியம்மாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டது. வாரத்தில் இரண்டு நாள் அவள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். காலையில் நேரத்துக்குப் போகாவிட்டால் அவள் முறை தள்ளிப்போகும். தள்ளிப்போனால் கால் வீங்கும், மூச்சு வாங்கும், படுக்க முடியாமல் உட்கார்ந்தே கிடப்பாள். பஸ் நிற்பது அந்த வீட்டில் உயிர் சமாச்சாரம்.

பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று அரசாங்கம் அறிவித்தபோது பெரியம்மாள் அளவுக்குச் சந்தோஷப்பட்டவர் ஊரில் இல்லை. பிங்க் பெயின்ட் அடித்த பஸ் வந்தது. வந்த வேகத்தில் போகவும் செய்தது. ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் சில டிரைவர்களுக்குத் திடீரென்று கண் தெரியாமல் போய்விடும். அவர்களை மட்டும் திட்டியும் பிரயோஜனமில்லை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு கார் பெருகியது, ஷேர் ஆட்டோ பெருகியது, ரோடு மட்டும் பழைய ரோடாகவே இருந்தது. நான்குமுனைச் சந்திப்பில் மாட்டினால் வெள்ளிமலை பஸ், சேலம் பஸ், கரும்பு டிராக்டர் எல்லாம் மூக்கை உரசிக்கொண்டு நிற்கும். அங்கே தொலைத்த நேரத்தை டிரைவர் எங்களைப் போன்ற சின்ன ஊர்களில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். நெரிசலுக்கு என்ன வழி, பஸ் ஸ்டாண்டை எங்கே வைப்பது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு இன்னும் எங்கள் ஸ்டாப் வரை வந்து சேரவில்லை.

பாவாடை தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். கல்யாணத்துக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டு, அக்குளில் ஒரு ரெக்சின் பையோடு ரோட்டோரம் வந்து நின்றார். தூரத்திலிருந்து பார்த்தால் டிக்கெட் எடுக்கிற ஆள், அதுவும் ஏதோ பத்திரப் பதிவுக்குப் போகிற ஆள். பெரியம்மாள் நிழற்குடைக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். பஸ் நின்றதும் ஓடிவந்து ஏறிவிட்டாள். பாவாடை கையை ஆட்டினார்.

"நீ போ சார், நா அடுத்த பஸ்ல வரேன்."

விஷயம் பரவிவிட்டது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் செந்தமிழ்ச்செல்வி, காலேஜ் போகும் சுபஸ்ரீ, ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் பெண், எல்லோரும் நிழற்குடைக்குப் பின்னால் பதுங்க ஆரம்பித்தார்கள். பாவாடை தினமும் நின்றார். நாளாக ஆக டிரைவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் உருவத்தைப் பார்த்ததும் பழக்கத்தில் கால் பிரேக்குக்குப் போய்விடும். இரண்டு வார்த்தை திட்டிவிட்டு ஏற்றிக்கொள்வார்கள்.

நான் பால் கேனோடு தினமும் அந்த வழியாகப் போகிறவன். வேலை இல்லாமல் போன மனிதருக்கு இப்படி ஒரு உத்தியோகம் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவருக்கு அது கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது. சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். டீக்கடையில், "என்னப் பாத்துட்டு நிறுத்தாத போயிடுவானா? அந்த தில்லு எவனுக்கு இருக்குது?" என்பார். பஸ் தனக்காகத்தான் நிற்கிறது என்று மனசார நம்பிவிட்டார். ஆனால் ஒரு நாளும் அவர் அந்தப் பஸ்ஸில் ஏறியதில்லை. பெரியம்மாளுக்குத் துணை செந்தமிழ்ச்செல்விதான்.

போன ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் செந்தமிழ்ச்செல்வி ஆஸ்பத்திரியிலிருந்து பாவாடைக்குப் போன் செய்தாள். பெரியம்மாளுக்குக் கையில் ஊசி ஏறவில்லை, கழுத்தில் குழாய் போட வேண்டும், வீட்டு ஆள் கையெழுத்து வேண்டும் என்றாள்.

"சீக்கிரம் வா மாமா. அத்தைக்கு மூச்சு ஜாஸ்தியா வாங்குது."

பாவாடை வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டாப்புக்கு ஓடிவந்தார். நான் அப்போதுதான் அந்த வழியாக வந்தேன். விஷயத்தைக் கேட்டு வண்டியில் ஏறச் சொன்னேன்.

"உன் வண்டில குந்தினா என் இடுப்பு தாங்காது. நீ போப்பா. எனக்கு பஸ்ஸு நிக்கும்."

அவர் சொன்ன தோரணையில் நானும் நம்பிவிட்டேன், கிளம்பினேன். பிறகு நடந்ததை அவரே எனக்குச் சொன்னார்.

பஸ் வந்தது. பாவாடை கையைத் தூக்கினார். டிரைவர் அவரைப் பார்த்தார், நிழற்குடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு பெண்ணும் இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தார்.

"நீ அடுத்த பஸ்ல வா பெருசு!"

பஸ் போய்விட்டது. பாவாடை கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். இடுப்பு விடவில்லை, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

களை எடுத்துவிட்டு வந்த பெண்கள் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். அதில் ஷாலினி என்கிற பெண்ணுக்கு வாய் நீளம், துணிச்சலும் ஜாஸ்தி. விஷயம் தெரிந்ததும் களைக்கொத்தோடு நடுரோட்டில் போய் நின்றாள். மற்றவர்களும் வரிசையாக நின்றார்கள். அடுத்து வந்த பஸ்ஸுக்கு வேறு வழியில்லை, நின்றது. கண்டக்டர், "ஏறுங்கம்மா, ஏறித் தொலைங்க" என்றார்.

"நாங்க வரல. அவருதான் வராரு, டிக்கெட்டு குடு" என்றாள் ஷாலினி.

கள்ளக்குறிச்சி எல்லையைத் தொட்டதும் பஸ் நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் ஹார்ன் சத்தம். பாவாடை இறங்கி, ஆட்டோக்களுக்கு நடுவே நொண்டிக்கொண்டே ஆஸ்பத்திரி வரை நடந்தார். பெரியம்மாள் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து போட்டார், குழாய் போட்டார்கள், மிஷின் ஓடியது. சாயங்காலம் அவளுக்கு மூச்சு சீரானது.

"இன்னாயா இவ்ளோ நேரம்?" என்றாள்.

பாவாடை அதுவரை அடக்கி வைத்திருந்தார். அந்தக் கேள்வியில் உடைந்துவிட்டார்.

"என்னப் பாத்துக்கினே போறான் புள்ள. நல்லாப் பாத்துட்டு, சிரிச்சிக்கினே போறான். நா கைய தூக்கிக்கினு நிக்கறேன். ஒரு மனுசன் நிக்கறானேன்னு கூட இல்ல அவனுக்கு."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுதார். பெரியம்மாள் அவர் அழுது முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு ஊசி குத்தாத கையால் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"இத்தினி வருசமா எங்களுக்காவ நின்ன. நாங்க இன்னாத்துக்கு பின்னால ஒளிஞ்சிக்கினு இருந்தோம்னு இன்னிக்குத்தான் உனக்குத் தெரியுது, இல்ல?"