தவளைப் பச்சைக் கோட்டு

ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த அத்தை அந்த மார்கழியில் ஊருக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பாவின் ஒரே தங்கை. வந்த இரண்டாம் நாளே எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டுச் சமையலறையை ரஷ்யாவாக்கிவிட்டாள். நானும் தம்பியும் குடிமக்கள். அம்மா மட்டும் விசா இல்லாமல் வந்து போய்க்கொண்டிருந்தாள்.

அம்மாவின் கிழிந்த உறையூர்ச் சேலைகளைச் சுருட்டி, நூல் கட்டிப் பொம்மை செய்தோம். கண், மூக்கு வரையப் போன தம்பியின் கையை அத்தை பிடித்துக்கொண்டாள். அங்கே துணிப்பொம்மைக்கு முகம் வைக்க மாட்டார்களாம். வைத்தால் கெட்டது ஏதாவது உள்ளே குடிபுகுந்துவிடுமாம். தம்பி பயந்துபோய், ஏற்கெனவே முகம் இருந்த தன் கரடிப் பொம்மையைத் திருப்பிப் படுக்க வைத்தான்.

பிறகு தேனும் சுக்கும் பட்டையும் போட்டு மாவு பிசைந்து, மீன் மாதிரி வெட்டினோம். அடுப்பு என்றால் குக்கர்தான். அடியில் கல்லுப்பைக் கொட்டி, விசில் போடாமல், மேலே தட்டு வைத்துச் சுட வேண்டும். முதல் மீனைக் கடித்துப் பார்த்த அம்மா, "இதைப் போட்டுக் காவேரிக்குக் கரையே கட்டலாம்" என்றாள்.

"அண்ணி, அங்க இதை டீயில முக்கித்தான் திம்பாங்க!"

"அப்ப டீக்குத்தான் பல்லு போகும்."

மாவு வேகும் நேரத்தில்தான் கதை. ஆகவே கதையின் நீளம் குக்கரின் கையில் இருந்தது. ஒருநாள் தவளை ராஜகுமாரியின் கதை. பகலில் தவளை, இரவானால் தோலைக் கழற்றி வைத்துவிட்டு அழகான பெண்ணாகி, விடிவதற்குள் ரொட்டி சுட்டு வைப்பாள். அவள் மறுபடி தவளையாகக் கூடாது என்று புருஷன் ஒருநாள் அந்தத் தோலை எடுத்து நெருப்பில் போட்டுவிட்டான். இந்த இடத்தில் கருகல் வாசனை வரவே, அத்தை குக்கரைப் பார்க்க ஓடினாள். கதை நின்றுபோனது. எனக்கு அது முடிந்தே போனது. தோல் போனால் பெண் வீட்டோடு இருப்பாள், அவ்வளவுதானே!

அத்தையோ பொங்கல் முடிந்த கையோடு கிளம்புவதாக இருந்தாள். அப்பா டிக்கெட் எடுத்தாயிற்று. அவள் போய்விட்டால் குக்கர் மறுபடி வெறும் குக்கர். நான் யோசித்தேன். அவளுடைய தோல் அலமாரியில் தொங்கியது: முழங்கால்வரை வரும் பச்சைக் கோட்டு, அசல் தவளைப் பச்சை. "இது இல்லாம அங்க வாசப்படி தாண்ட முடியாது" என்று அவளே சொல்லியிருந்தாள்.

போகியன்று விடியற்காலையில், வேண்டாத பழசையெல்லாம் கொண்டுவரச் சொன்னார்கள். கோட்டை ஓட்டைப் பாய்க்குள் வைத்துச் சுருட்டி வாசலுக்குத் தூக்கிப்போனேன். அப்பாதான் வாங்கினார்.

"என்னடி, பாய் இந்தக் கனம் கனக்குது?"

"நனைஞ்ச பாய்ப்பா."

அவரே தன் கையால் தீயில் போட்டார். கொஞ்ச நேரத்தில் டயர் எரிகிற நாற்றம் தெருவைத் தூக்கியது. பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்த அத்தை, வாய் நுரையோடு ஓடிப்போய்க் குச்சியால் கிளறினாள். வந்தது ஒரு கை மட்டும்.

அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். "ஏன்டி செஞ்ச?" என்று அப்பா கத்தினார்.

"தோலை எரிச்சா அத்தை இங்கயே இருக்கும்ல?"

அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மக்கு. மூணே நாள் பொறுத்திருந்தா சாபம் தானா தீர்ந்திருக்கும். அவசரப்பட்டு எரிச்சதாலதான் அவ ரொம்பத் தூரம் போக வேண்டியதாயிடுச்சு" என்று மீதிக் கதையைச் சொன்னாள். அடிக்கு அழாதவள் அதற்கு அழுதேன்.

மாட்டுப் பொங்கலன்று அப்பா சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு கடை விடவில்லை. "பனிக் கோட்டா? குரங்குக் குல்லா இருக்கு சார், தரவா?" என்றார்களாம். அன்றைக்கே பெங்களூருக்குப் பஸ் ஏறியவர், மறுநாள் மாலை கசங்கிய சட்டையும் ஒரு நீலக் கோட்டுமாக வந்து நின்றார்.

அத்தை அதைப் போட்டுக்கொண்டு, "அண்ணே..." என்று ஆரம்பித்தாள்.

"கை நீளம் சரியா இருக்காம்மா? குளிர் தாங்குமா?"

"தாங்கும்ணே."

இப்போது அத்தை முசிறியில் டாக்டர். போன மாதம் ரத்த அழுத்தக் கருவியை என் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "திரும்பிப் போகலைன்னு காணும் பொங்கலன்னைக்கு அண்ணன்கிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன்டி. அங்க தனியா இருக்கவே முடியலை. ஆனா ஒரு மனுசன் கோட்டுக்காகப் பெங்களூரு வரைக்கும் போயிட்டு வந்து நிக்கிறப்ப, என்னத்தைச் சொல்றது?"

அத்தை கிளம்பிய அன்று திருச்சி ஏர்போர்ட்டில் நல்ல வெயில். கோட்டைக் கையில் வைத்துக்கொள்ளும்படி அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தை கேட்கவில்லை. கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு, அதன் தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"பாத்தியாடா," என்று தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன், "அத்தைக்குப் புதுக் கோட்டு எவ்வளவு பிடிச்சிருக்குன்னு!"