மேற்கோள் பட்டியலில் ஸ்டெல்லா அக்கா இல்லை

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, திருவாரூரில், கல்லூரிக்குக் கிளம்பும்போது. மாரடைப்பாம்.

பஸ்ஸில் இருந்து டைப் செய்கிறேன். அழுகை வரவில்லை... ஒன்றுமே வரவில்லை.

பொருளாதாரத் துறையில் எனக்குப் பக்கத்து மேசை. பதினோரு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் அந்தப் பெயரில் மட்டும்தான்.

குத்தாலம் பக்கம் வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். எந்தப் பதிவிலும் அவர்கள் பெயர் இருக்காது. பயிர் மூழ்கினால் நிவாரணம் பட்டாதாருக்குப் போகும்.

தமிழில் எழுதி, ஒரு சின்ன ஆய்விதழில் போட்டார். "யாரைப் பத்தி எழுதுனேனோ அவங்க படிக்க வேணாமா?"

பிறகு நிரந்தர வேலைக்கான நேர்காணல். எந்த இதழை மற்றவர்கள் அதிகம் மேற்கோள் காட்டுகிறார்களோ அது மேலே என்று ஒரு தரவரிசைப் பட்டியல் வைத்திருந்தார்கள். அக்காவின் இதழ் அதில் கிடையாது. தேர்வுக் குழுவில் ஒருவர் கேட்டாராம்.

"இந்த ஜர்னலை யாரும்மா சைட் பண்றா?"

"குத்தகைக்காரங்க கோர்ட்ல சைட் பண்ணிருக்காங்க சார்."

எல்லோரும் சிரித்தார்களாம். கட்டுரைக்கு மதிப்பெண் பூஜ்யம். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் அந்தச் சிரிப்பை ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினார்.

அடுத்த நேர்காணலுக்கு அவர் நம்பியது என் கட்டுரையை. அதில் அக்காவின் கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தேன். பட்டியலில் மேலே இருக்கும் ஓர் ஆங்கில இதழ் அதை ஏற்றிருந்தது. "அதுல என் பேரு வந்தா அப்ளிகேஷன்ல காட்டுவேன் தம்பி."

எடிட்டரிடமிருந்து மெயில் வந்தது. எங்கள் இதழில் வந்த ஐந்து கட்டுரைகளை மேற்கோளில் சேர்த்துவிடுங்கள், மேற்கோள் பட்டியல் நீளக் கூடாது.

இப்படித்தான் அந்த இதழ் மேலே போகிறது. நானும் அதை மேலே தள்ளிவிட்டேன். ஐந்தைச் சேர்த்து ஐந்தை எடுத்தேன். எடுத்ததில் அக்காவும் ஒன்று.

போன வாரம்தான் அவரிடம் சொன்னேன்.

"வாய்மொழிக் குத்தகை பாரா இருக்கா?"

"இருக்குக்கா."

"யாரு சொன்னதுன்னு போட்டிருக்க?"

"ஒண்ணும் போடல."

மேசையிலிருந்த நோட்டை மூடினார். அப்புறம் சிரித்தார்.

"சரி போ. உழுதது நானு, பட்டா உன் பேர்ல."

பெல் அடித்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

நாலு மணிக்கு அடக்கம் என்கிறார்கள்...

வருகிறேன் அக்கா.