பாட்டிலில் விற்கும் துரு

இந்த ஊரில் துருவைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெயில் பாலிஷ் பாட்டில் அளவுக்கு ஒரு சின்னப் பாட்டில், மேலே லேபிள், லேபிளில் எந்த வகைத் துரு என்ற விவரம். புதுத் துரு ஆரஞ்சு நிறம், பழைய துரு காப்பிக்கொட்டை நிறம். சேறும் தனியாகக் கிடைக்கும், ஈரச் சேறு வேறு, காய்ந்த சேறு வேறு. ஆந்திர எல்லைக்குள் இருக்கும் எங்கள் நகரியில் மழைநாளில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்வந்தால் புடவை ஓரத்தில் சும்மாவே ஒட்டிக்கொண்டு வரும் சாமானுக்கு இங்கே நல்ல விலை. முதல் தடவை அதை விற்கும் கடையில் நின்று லேபிளைப் படித்தபோது, இதை ஊரில் சொன்னால் எனக்குக் குளிரில் மூளை கலங்கிவிட்டது என்பார்கள் என்று நினைத்தேன். இப்போது என் மேஜைமேல் துரு பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது வடக்கு இங்கிலாந்தில், லங்காஷயரின் ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் இங்கேயும் எங்கள் நகரி மாதிரி தெருவுக்குத் தெரு தறிச் சத்தம்தானாம். இப்போது மில் கட்டடங்களில் உடற்பயிற்சிக் கூடமும் காப்பிக்கடையும் நடக்கின்றன. குளிர்காலத்தில் மத்தியானம் மூணரை மணிக்கே வெளிச்சம் மூட்டை கட்டிவிடும். கணவருக்கு வாரநாட்களில் லண்டனில் வேலை. வீட்டில் நானும் ஹீட்டரும்தான். அப்படி ஒரு நாள் லைப்ரரி அறிவிப்புப் பலகையில் ‘வியாழன் மாலை பெயின்டிங், யாரும் வரலாம்’ என்று பார்த்தேன். பூவும் ஆறும் மலையும் வரையச் சொல்லித் தருவார்கள் என்று நம்பி, பெரிய கான்வாஸ் ஒன்றும் பட்டையான பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு போனேன். பழைய மில்லின் மாடியில், தாடி வைத்த ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு விளக்கின்கீழ் குனிந்து, கட்டைவிரல் உயரமுள்ள பிளாஸ்டிக் சிப்பாய்களுக்கு மூக்கு வரைந்துகொண்டிருந்தார்கள். மேஜைமேல் வைத்துப் போர் விளையாடுவதற்கான பொம்மைகள். என் கான்வாஸைப் பார்த்து எல்லோரும் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தார்கள். திரும்பிப் போக வெட்கமாக இருந்ததால் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் க்ளப்புக்குப் பெரியவர் கீத். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கோபமே வராத மனிதர். என் முதல் சிப்பாய்க்கு நான் சாயத்தைத் தோசை மாவு பதத்தில் அப்பி வைத்ததில் பாவம் அவனுக்கு மூக்கும் வாயும் இல்லாமல் போய்விட்டது. “பால் மாதிரி இருக்கணும். மெல்லிசா ரெண்டு தடவை” என்றார் கீத். எந்தப் பால் என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. எங்கள் ஊர்ப் பால்காரர் ஊற்றும் பாலுக்கும் இந்த ஊர்க் கடையில் விற்கும் பாலுக்கும் ஏகப்பட்ட வித்தியாசம் உண்டு. கடைசியில் எங்கள் ஊர்ப் பால்தான் சரிப்பட்டது.

பொம்மையை வாங்கியபடியே வைத்துக்கொள்வது இவர்களுக்குப் பிடிக்காது. ஒருவன் தலையை அறுத்து இன்னொருவன் உடம்பில் ஒட்டுவார்கள், கைகளை மாற்றுவார்கள், தன் படை வேறு எவன் படை மாதிரியும் இருக்கக்கூடாது. எனக்கு முடி வரைய வரவே இல்லை. எத்தனை தடவை வரைந்து பார்த்தாலும் தலையில் சாணி வைத்த மாதிரி இருந்தது. போங்கடா என்று எல்லோர் முடியையும் அரத்தால் தேய்த்து மொட்டை போட்டுவிட்டேன். வெறும் மொட்டை நன்றாயில்லை என்று மெல்லிசாக மஞ்சள் பூசினேன். தள்ளி வைத்துப் பார்த்தால், நான் திருப்பதியில் காலேஜ் படித்த நாளில் தினமும் பஸ் ஸ்டாண்டில் பார்த்த கூட்டம்! மலையிலிருந்து சந்தனம் பூசிக்கொண்டு இறங்கி வருகிற அதே தலைகள், கையில் மட்டும் துப்பாக்கி.

“இவங்க எந்த மடத்துத் துறவிங்க?” என்று கேட்டார் கீத்.

“துறவியில்ல. வேண்டுதல் முடிச்சிட்டு வீட்டுக்குப் போறவங்க.”

“யாரைப் பழி வாங்கணும்னு வேண்டுதல்?”

பிள்ளைக்கு நல்ல வேலை கிடைக்கட்டும் என்றுகூட மனிதர்கள் மொட்டை போடுவார்கள் என்பதை அவருக்கு நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் பயபக்தியோடு தலையாட்டினார். அடுத்த வாரமே என் ஆட்களுக்குச் ‘சபதப் படை’ என்று க்ளப்பில் பெயர் வைத்தாகிவிட்டது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். துருதான் தாங்கவில்லை. பளபளவென்று சாயமடித்து முடித்த வண்டியின்மேல், காய்ந்த மறுநாளே, இவர்கள் துருவைத் தடவுகிறார்கள். கீறல் வரைகிறார்கள், சக்கரத்தில் சேறு அப்புகிறார்கள். “உண்மையா தெரியணுமில்லையா” என்கிறார் கீத். எங்கள் வீட்டில் பீரோ வந்தபோது அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க ஏழெட்டு வருஷம் ஆனது. தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் கலர் டிவியும் கிரைண்டரும் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்த காலம். புதுசு புதுசாகவே இருக்கவேண்டும் என்பதற்காக அட்டைப் பெட்டியைக்கூடப் பரண்மேல் பத்திரப்படுத்தினோம். பழசாக்குவதற்கு எங்களிடம் புதுசு ஏது?

அதிலும் என் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, துரு என்றால் ஜென்மப் பகை. விசைத்தறி ஷெட்டில் மேஸ்திரி அவர், தறிகளைப் பழுது பார்ப்பவர். இரும்பில் எங்காவது துரு பூத்தால் அது துணியில் இறங்கும். வெள்ளைத் துணியில் விழுந்த துருக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது, பீஸே தள்ளுபடி. அதனால் நைனாவின் தோளில் துண்டு இருக்கிறதோ இல்லையோ, இடுப்பில் எண்ணெய்த் துணி ஒன்று எப்போதும் தொங்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்கூட்டரை அவர் ஓட்டியதைவிடத் துடைத்த நேரம் அதிகம் என்று அம்மா கிண்டல் செய்வாள்.

அம்மா போனபிறகு நைனா நகரியில் தனியாக இருக்கிறார். சொந்தக்காரப் பிள்ளைகள் விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறார்கள், யாருக்கும் உட்கார்ந்து பேச நேரமில்லை. போன வருஷம் ஆறு மாத விசாவில் அவரை இங்கே கூட்டிவந்தேன். இந்த ஊர் அவருக்குப் பிடித்துப்போக வேண்டும், பிடித்தால் வருஷா வருஷம் வந்து என்னோடு இருப்பார். என் ஆசையெல்லாம் அவ்வளவுதான். வந்த புதிதில் சுறுசுறுப்பாகத்தான் இருந்தார். கிறீச்சிட்ட கதவுக்கெல்லாம் எண்ணெய் விட்டார், பக்கத்து வீட்டுக் கேட்டைக் கேட்காமலே சரி செய்தார். அப்புறம் செய்ய ஒன்றுமில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

“இந்த ஊர்ல எதுவுமே ரிப்பேர் ஆவாதாமா?” என்று ஒரு நாள் கேட்டார்.

என் மொட்டைச் சிப்பாய்கள் மட்டும் அவருக்குப் பிடித்திருந்தார்கள். “மொட்ட போட்டுக்கினு நேரா சண்டைக்கா போறானுங்க? ஒரு லட்டு துன்னுட்டுப் போவக்கூடாதா?” என்று ஒவ்வொருத்தனையும் எடுத்துப் பார்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் க்ளப்பின் வருஷக் காட்சி வந்தது. இடிந்துபோன நகரம் ஒன்றைப் பெரிய மேஜையில் எல்லோரும் சேர்ந்து செய்தார்கள். நடுவில் நிற்கிற பீரங்கி டாங்கியைக் கீத் என்னிடம் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கான்வாஸோடு வந்து நின்றவளுக்கு நடு டாங்கி! பச்சையடித்து, வார்னிஷ் போட்டு, அதன்மேல் வாரக்கணக்கில் துருவை இழை இழையாக இறக்கினேன். போல்ட்டுக்குக் கீழே மழைநீர் ஒழுகின கறைகூட வைத்தேன். என் கையா இது என்று எனக்கே பெருமை தாங்கவில்லை.

காட்சிக்கு முந்தின நாள் காலையில் கடைக்குப் போய்த் திரும்பினேன். நைனா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், முகத்தில் வந்த நாளிலிருந்து காணாத களை. உள்ளே மேஜையில் என் டாங்கி பச்சைப் பசேலென்று மின்னியது. நான் பிரஷ் கழுவ வைத்திருந்த ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துருவையெல்லாம் ஒட்டத் துடைத்துவிட்டு, மேலே தேங்காயெண்ணெய் பூசியிருந்தார். டாங்கியின் நெற்றியில் குங்குமம். ஊருக்குப் புறப்படுகிற வண்டியாயிற்றே என்று சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வேறு. பழம் டாங்கியின் பாதி உயரத்துக்கு இருந்தது.

“நைனா! இத இன்னாத்துக்கு நீ தொட்ட?”

“துரு புடிச்சிக் கெடந்துச்சிமா. நாளைக்கு நாலு பேரு பாக்கறது. மேஸ்திரி பொண்ணு வண்டி இப்டியா கீதுன்னு சொல்ல மாட்டானுங்க?”

“அது நான் வெச்ச துரு நைனா. நானா கஷ்டப்பட்டு வெச்சது!”

“நீயா வெச்சியா?”

“ஆமா.”

“காசு குடுத்து வாங்கியா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. பெண் நல்லபடியாகத்தான் இருக்கிறாளா என்ற பயம். நான் வேறு அதோடு நிறுத்தாமல் கத்தித் தீர்த்தேன். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, “டிக்கெட்ட முன்னாடி மாத்த முடியுமா பாரு கண்ணு” என்றார்.

மறுநாள் அந்த எண்ணெய் டாங்கியோடும் நைனாவோடும் காட்சிக்குப் போனேன். குங்குமத்தை அழிக்க மனசு வரவில்லை. கீத் அதைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் தொங்கிவிட்டு உடனே சரியானது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேங்க், ஸ்டேஷன், ஆபீஸ் எல்லாம் தெலுங்கு என்பதால் வெளியாள் யாரைக் கண்டாலும் வாயில் தெலுங்குதான் வரும். நைனா கீத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “துப்பு அந்தா தீசேசானு சார், இங்க ராது” என்றார். துருவெல்லாம் எடுத்தாயிற்று, இனிமேல் வராது என்று அர்த்தம்.

“என்ன சொல்றார்?” என்றார் கீத்.

“மன்னிச்சுக்கச் சொல்றார்” என்றேன்.

“பரவாயில்லை, அந்த இடிஞ்ச சுவருக்குப் பின்னால வைச்சா யார் கண்ணுலயும் படாது” என்றார் கீத்.

“இன்னாமா சொல்றாரு?” என்றார் நைனா.

“ரொம்ப நல்லா கீதாம்.”

இரண்டு பக்கத்தையும் சந்தோஷப்படுத்திவிட்ட நிம்மதி எனக்கு. ஆனால் நைனாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். நடுவில் வேறு ஒரு துருப்பிடித்த வண்டி நிற்பதையும், என் டாங்கியின் குழாய் மட்டும் சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பதையும் அவர் பார்த்துவிட்டார். திரும்பும் பஸ்ஸில் வெளியே பார்த்தபடி வந்தார். “எனக்கு இன்னா தெரியுதோ அது இங்க யாருக்கும் வேணாம்மா” என்றார். மாற்றின டிக்கெட்டில் கிளம்பிப் போனார். மான்செஸ்டர் விமான நிலையத்தில் கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

அடுத்த காட்சிக்கு டாங்கியை மறுபடி துருவாக்கச் சொன்னார் கீத். பாட்டிலைத் திறந்து இடது பக்கம் முழுக்க முன்போலவே செய்து முடித்தேன். வலது பக்கம் திருப்பினால் தேங்காயெண்ணெய் வாசனை. அந்தப் பக்கத்தில் பிரஷ்ஷை வைக்கக் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். வியாழக்கிழமைகளில் க்ளப்புக்கு இடது பக்கத்தைக் காட்டி வைப்பேன், ஞாயிற்றுக்கிழமை நைனா வீடியோவில் வரும்போது வலது பக்கத்தைத் திருப்பி வைப்பேன். மற்ற நாட்களில் ஜன்னல் திட்டில், துரு தெருவைப் பார்த்தபடியும் பளபளப்பு வீட்டைப் பார்த்தபடியும் அது நிற்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் பாதி மறைத்த குற்றவுணர்ச்சி எனக்கு.

போன ஞாயிறு நைனா போனில் ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தினார்.

“வண்டிய அந்தப் பக்கம் திருப்புமா. எப்பவும் ஒரே பக்கத்தயே காட்டிக்கினு கீற.”

“எதுக்கு நைனா?”

“திருப்பு, பாப்போம்.”

திருப்பினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை மூக்குக்கிட்டே கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். போல்ட்டுக்கு அடியில் ஒழுகின கறையைப் பார்த்ததும், “அடேயப்பா, மெய்யாலுமே தண்ணி எறங்கின மாதிரியே வெச்சிக்கிறியே” என்றார். பிறகு சிரித்தார்.

“அப்டியே வுட்டு வை. நான் வந்து தொடைக்கிறேன். வெறுங்கைய வெச்சிக்கினு அங்க வந்து எத்தினி நாளு குந்திக்கினு இருக்கறது?”

மறுநாள் வீட்டு வேலை முடிந்ததும் நேராக அந்தக் கடைக்குப் போய் இன்னும் இரண்டு பாட்டில் துரு வாங்கிவந்தேன்.